ஏழு மணி பத்து நிமிடம்

அந்தச் சனிக்கிழமை மாலை ஆறு மணி ஐம்பத்தைந்து நிமிடத்துக்கு, செஞ்சியில் எங்கள் சபைக் கோயிலின் பலிபீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, பார்க்காதவன்போலக் கையை அங்கிக்குள் இழுத்துக்கொண்டேன். இருபத்தாறு ஆண்டு ஊழியத்தில் எந்த நிமிடத்தில் தவறு தொடங்கியது என்று யாராவது கேட்டால், தயங்காமல் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் என் மூத்த மகன். வேதாகமப் பள்ளியில் படித்து முடித்து வந்திருக்கிறான். நல்ல குரல், நல்ல துணிச்சல். திருவண்ணாமலைச் சாலையில் ஒரு கொட்டகை பார்த்து வைத்திருக்கிறான். எந்தத் திருச்சபையோடும் சேராமல் தனியாக ஒரு சபை தொடங்கப்போகிறானாம்.

"எதுக்கு நைனா வட்டத் தலைவரு, மேலிடம், ஆபீசு எல்லாம்? ரெண்டு ஓடு மாத்தணும்னாக்கூட மூணு லெட்டர் போடணும். நீங்க போட்டுப் போட்டே தலை நரைச்சிட்டீங்க" என்றான்.

அவன் சொன்னதில் பொய்யில்லை. கடிதங்கள் தாமதமாகத்தான் வந்தன. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இடம் மாற்றினார்கள். பிள்ளைகள் நடுவருடத்தில் பள்ளிக்கூடம் மாறி அழுதார்கள். இவனும் அழுதான். சென்ற ஆண்டு மருத்துவர் என் இதயத்தைச் சோதித்துவிட்டு, சைக்கிளையும் பிரசங்கத்தையும் ஒன்றாக நிறுத்தச் சொல்லிவிட்டார். ஐம்பத்துநான்கு வயதில் வீட்டில் உட்கார வைக்கப்பட்ட தகப்பனுக்குப் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுவதைத் தவிர வேறு என்ன வேலை? சொல்ல முடியாததை எழுதித் தருகிறேன். அவனைப்போல் நினைக்கும் மற்ற இளம் ஊழியர்களும் படிக்கட்டும்.

இறையியல் கல்லூரியில் இருந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கிரேக்கம் படித்தேன், மறந்தேன். பிரசங்கம் செய்யப் பழகினேன். ஒரு பதிவேட்டை எப்படி எழுதுவது என்று மட்டும் அங்கே யாரும் சொல்லித்தரவில்லை.

முதலில் தொண்டூர்ப் பக்கம் ஒரு சிறிய சபைக்கு அனுப்பினார்கள். இரண்டாம் ஆண்டில் எனக்கு டைபாய்டு கண்டது. நாற்பது நாள் பாயில் கிடந்தேன். முதல் ஞாயிறு காலை கோயில் மணி அடித்தபோது, யார் அடிக்கிறார்கள் என்று கேட்டேன். பக்கத்துச் சபை ஐயர் (போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்பார்கள்) விடியுமுன்னே சைக்கிளில் வந்திருந்தார். அடுத்த ஞாயிறு வேறொருவர். மூன்றாம் ஞாயிறு வந்தவர் ஆராதனை முடித்து, என் மனைவிக்கு விறகும் பிளந்துகொடுத்துவிட்டுப் போனார். எந்த ஞாயிறு யார் என்று வட்டத் தலைவர் ஆளுக்கொரு அஞ்சலட்டை போட்டிருந்தார். எனக்கு மட்டும் அட்டை வரவில்லை. "நோயாளிக்கு எதுக்குப் பட்டியல்?" என்றாராம்.

அதே பருவத்தில் அடுத்த ஊரில் தனியாக ஊழியம் செய்துவந்த ஒருவருக்கும் காய்ச்சல் வந்தது. என்னைவிட நன்றாகப் பிரசங்கிப்பவர். என்னைவிட அதிகம் ஜெபிப்பவர். அவர் எழுந்து நடமாட இரண்டு மாதம் ஆனது. அதற்குள் ஜனங்கள் சிதறிப்போயிருந்தார்கள். கொட்டகையில் மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். அவரிடம் விசுவாசம் குறைந்துபோகவில்லை. அவருக்காகக் கிளம்பிவர இன்னொரு சைக்கிள் இல்லை, அவ்வளவுதான்.

இனி எங்கள் வட்டத் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திண்டிவனத்தில் இருந்தார். சேர்மன் ஐயா என்போம். காலாண்டுக்கு ஒருமுறை முதல் பஸ்ஸில் குடையோடு வந்து இறங்குவார். உட்காரச் சொன்னால்தான் உட்காருவார். பதிவேடுகளைப் பார்த்து முடிக்கும்வரை தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றோடு, எந்த ஆராதனை எத்தனை மணிக்கு நடந்தது என்று எழுதும் ஆராதனைப் புத்தகம் ஒன்றும் உண்டு. எதை எடுத்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கித்தான் படிப்பார். "முன்பக்கம் எல்லாரும் அழகாத்தான் எழுதுவாங்க" என்பார்.

பல சபைகள் மாறி நான் செஞ்சிக்கு வந்த முதல் ஆண்டின் முடிவில் ஒருநாள் ஆராதனைப் புத்தகத்தின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"ஐயரே, உங்க ஊர்ல மழையே பெய்யறது இல்லையா?"

"பெய்யுதே ஐயா."

"அப்படியா? ஐம்பத்திரண்டு ஞாயிறும் சரியா ஒன்பது மணிக்கே ஆரம்பிச்சிருக்கீங்க. ஒரு ஞாயிறுகூட ஜனம் மழையில மாட்டிக்கலையா? ஒரு கிழவிகூட லேட்டா வரலையா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒவ்வொரு வாரமும் கடிகாரம் பார்க்காமலே ஒன்பது என்று எழுதியிருந்தேன்.

"நடந்தத எழுதுங்க. நடக்க வேண்டியதச் சொல்றதுக்கு வேதப்புத்தகம் இருக்குது" என்றார்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை குத்தலா என்று அன்று மனம் கசந்தது உண்மை. ஆனால் அந்த நாளிலிருந்து நான் உள்ள நேரத்தைத்தான் எழுதினேன். அந்தப் பழக்கமே பிறகு என்னை மாட்டவைத்தது.

இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்த அந்த ஆண்டு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை கொட்டித் தீர்த்தது. பனமலை ஏரிக்கரைப் பக்கம் குத்தகைக்குப் பயிரிட்டுவந்த தாவீதின் மகள் சுகிர்தத்துக்கும், செஞ்சித் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த தேவராஜுக்கும் திருமணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் வழக்கப்படி மூன்று ஞாயிறு ஓலை வாசித்தேன். அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, தடை இருந்தால் சொல்லலாம் என்று சபைமுன் அறிவிப்பது. யாரும் தடை சொல்லவில்லை.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் திருமணம். மறுநாள் கிறிஸ்து பிறப்புக்கு முந்திய ஆயத்த நாட்கள் தொடங்குகின்றன. அந்த நான்கு வாரமும் எங்கள் கோயில்களில் திருமணம் நடத்துவதில்லை. அந்தச் சனிக்கிழமை தவறினால் கிறிஸ்துமஸ் கழிந்துதான். சோறு வடித்தாகிவிட்டது, உறவினர் வந்தாகிவிட்டது. பெண் வீட்டாரை மட்டும் காணோம்.

ஏரி நிரம்பிக் கோடி போய்ச் சாலை அறுந்திருந்தது. பஸ் அக்கரையில் நின்றுவிட, அவர்கள் தாம்பாளத்தைத் தலையில் வைத்து இடுப்பளவு தண்ணீரில் கடந்து, வழியில் ஒரு மணிலாக்கொட்டை லாரியைப் பிடித்து ஆறு நாற்பதுக்கு வந்து சேர்ந்தார்கள். என் மனைவி அந்தப் பெண்ணைத் துவட்டி, வேறு புடவை கட்டிவிட்டுக் கூட்டிவந்தபோதுதான் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

கிறிஸ்தவத் திருமணங்களுக்கான சட்டத்தில் நேரம் குறித்திருக்கிறது. காலை ஆறிலிருந்து மாலை ஏழுக்குள் நடத்த வேண்டும். தெரிந்தே மீறும் போதகருக்கு மூன்றாண்டு வரை சிறை. எனக்கு இது நன்றாகத் தெரியும். ஐந்து நிமிடத்தில் எங்கள் திருமண ஆராதனையை முடிக்க முடியாது என்பதும் தெரியும்.

"ஐயரே, பொண்ணு குளிர்ல வெடவெடன்னு நடுங்குது. ஆரம்பிங்க" என்றார் சபை மூப்பர்.

சுகிர்தத்துக்கு என் மகள் வயது. இந்த ஈரத்தலையோடு, கட்டாத தாலியோடு, அந்தத் தண்ணீரைத் திரும்பக் கடந்து போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆரம்பித்தேன். தேவராஜ் தாலி கட்டியபோது மணி ஏழு பத்து.

முடிந்தபின் கோயில் பணியாளர் யாக்கோபு என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"ஐயரே, பயப்படாதீங்க. கோயில் கடியாரம் ஆறே முக்கால்தான் காட்டுது. நான் அப்பவே ஊசலப் புடிச்சி நிறுத்திட்டேன்."

அவர் முகத்தில் அத்தனை பெருமை. நான் ஆராதனைப் புத்தகத்தைத் திறந்தேன். பேனா காகிதத்துக்கு மேலே சற்று நேரம் நின்றது. சேர்மன் ஐயாவின் விரல் அந்த இடத்தில் வந்து நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. "தாலி கட்டியது 7-10" என்று எழுதினேன். சாட்சிக் கையெழுத்துப் போட வந்த தேவராஜின் தாய்மாமன் அதைப் படித்ததை நான் கவனிக்கவில்லை.

இந்தத் தாய்மாமன் திண்டிவனத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. பெயர் ஞானமுத்து. தன் மகளைத்தான் தேவராஜுக்குக் கட்டிவைக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை அவருக்கு. தகப்பனில்லாத தேவராஜைப் படிக்கவைத்தவரும் அவரே. மூன்றாம் வாரம் வந்து நின்றார்.

"ஐயரே, நீங்க எழுதினது நீங்களே மறந்துட்டீங்களா? ஏழு மணிக்கு மேல கட்டினது தாலி இல்ல. வெறும் கயிறு."

தேவராஜின் தாயான தன் அக்காளிடமும் அதையே சொன்னார். தேவராஜுக்கு மாமனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. "சும்மா பத்து நாள் உங்க ஊர்ல இரு" என்று சுகிர்தத்தைத் தகப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை இரு வீட்டாரும் கோயிலில் கூட வேண்டும், நடந்தது திருமணமே அல்ல என்று தேவராஜ் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று ஞானமுத்து நாள் குறித்தார். என்மேல் கொடுக்க ஒரு மனுவையும் தயாராக வைத்திருந்தார்.

தாவீது என்னைத் தேடி வந்தார். கோயில் வாசலிலேயே நின்றார்.

"ஐயரே, எம்பொண்ணு இன்னா இப்போ? கல்யாணம் ஆனவளா, ஆவாதவளா? ஏரிக்கரைல துணி தொவைக்கப் போனா கேக்கறாளுங்க. எனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, போறேன்."

அந்த ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. சட்டத்தின் அந்தப் பக்கம் மட்டுமே எனக்குத் தெரியும். அதற்கப்பால் என்ன என்று கேட்கச் செஞ்சியில் எனக்கு ஆளில்லை.

மூப்பரும் யாக்கோபுவும் வேறு வழி கண்டுபிடித்தார்கள். பதிவேடுகளின் காலாண்டு நகல் மேலிடத்துக்குப் போக இன்னும் பத்து நாள் இருந்தது.

"ஏழ ஆறாக்கறதும் பத்த ஐம்பதாக்கறதும் ஒரு வேலையா ஐயரே? ரெண்டு கோடு. அந்தப் பொண்ணும் பொழைக்கும், நீங்களும் பொழைப்பீங்க" என்றார் மூப்பர்.

"நான் சத்தியம் பண்றேன். கடியாரம் பொய் சொல்லாது!" என்றார் யாக்கோபு.

அவர்கள் போனபின் என் மனைவி வந்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள். "நம்ம பொண்ணா இருந்தா இன்னா பண்ணுவீங்க?"

அந்தக் கேள்விதான் என்னை ஆட்டியது. புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தேன். பேனாவில் அதே மை. எழுதியவனும் நானே. யாருக்குத் தெரியப்போகிறது? மை காயும் நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும்.

நான் அந்தப் பேனாவை எடுத்தேன்; ஆனால் புத்தகத்தில் எழுதவில்லை. சேர்மன் ஐயாவுக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்ததையும், கையை இழுத்துக்கொண்டதையும், யாக்கோபு கடிகாரத்தை நிறுத்தியதையும் விடாமல் எழுதினேன். மாத முடிவில் காலாண்டு நகலோடு உண்மையான நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு மேலிடத்துக்கு அனுப்பினேன். இனி என் கை நினைத்தாலும் ஏழை ஆறாக்க முடியாது. ஊழியம் போனால் போகட்டும், அந்தப் பெண்ணின் திருமணத்தை ஒரு பொய்யின்மேல் நிறுத்தமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

சேர்மன் ஐயாவிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. இரண்டே வரி. "சனிக்கிழமை வருகிறேன். புத்தகத்தைத் தொட வேண்டாம்."

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கே எல்லாரும் கோயிலில் கூடிவிட்டார்கள். தேவராஜ் தாயின் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். தாவீது வரவில்லை, அவமானம் தாங்காமல் நின்றுவிட்டார் என்று நினைத்தேன். அக்கம்பக்கத்துச் சபை ஐயர்கள் இருவர் சைக்கிளில் வந்து கடைசி பெஞ்சில் அமர்ந்தார்கள். அவர்களுக்கும் அஞ்சலட்டை போயிருந்தது.

பத்தரைக்குத் திண்டிவனம் பஸ் வந்தது. யாக்கோபு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையை ஆட்டினார். சேர்மன் ஐயா வரவில்லை. பன்னிரண்டு மணி பஸ்ஸிலும் வரவில்லை. வாசல் வழியே தெரிந்த கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறெங்கும் பார்க்கத் தைரியமில்லை.

"உங்க பெரிய ஐயரு வரமாட்டாரு" என்றார் ஞானமுத்து. "கேசுன்னு வந்துட்டா எந்த மேலிடமும் நத்தை மாதிரி ஓட்டுக்குள்ள பூந்துக்கும். நான் எத்தினி கேசு பார்த்திருக்கேன்! டேய் தேவராஜி, கையெழுத்தப் போடு. நேரமாவுது."

தேவராஜ் பேனாவைக் கையில் வாங்கினான்.

அப்போதுதான் பக்கக் கதவு திறந்தது. முழங்கால்வரை சேறான வேட்டியும் கையில் குடையுமாக சேர்மன் ஐயா வந்து நின்றார். அவருக்குப் பின்னால் சுகிர்தம். அவளுக்குப் பின்னால் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தாவீது.

"மன்னிக்கணும். பொண்ணு இல்லாம பொண்ணோட கல்யாணத்தப் பத்திப் பேசறது முறையில்லன்னு, விழுப்புரம் பக்கமாப் போயி, ஏரிக்கரை மேல நடந்து இவங்களக் கூட்டிக்கிட்டு வரேன்" என்றார்.

உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவர் நின்றபடியே ஆராதனைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். கடைசிப் பக்கத்திலிருந்து வந்தார். 7-10இல் விரல் நின்றது. தலையை ஆட்டிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு தட்டச்சுத் தாளை எடுத்தார்.

"எங்க திருச்சபை வக்கீல் மெட்ராஸ்லேர்ந்து எழுதியிருக்கார். நேரம் தப்பினது தப்புதான். ஆனா நேரம் தப்பிடுச்சுங்கற ஒரே காரணத்துக்காகக் கல்யாணம் செல்லாமப் போவாது. அதுவும் அதே சட்டத்துலதான் இருக்குது, பின்பக்கத்துல. நீங்க முன்பக்கம் மட்டும் படிச்சிட்டு வந்திருக்கீங்க."

ஞானமுத்து தாளை வாங்கிப் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார்.

"சரி. கல்யாணம் இருக்கட்டும். ஐயரு தெரிஞ்சே செய்தாரு. அவரு மேல கேசு போடுவேன்."

"தெரிஞ்சேதான் செய்தாரு. எனக்கே எழுதியிருக்காரு. தாராளமாப் போடுங்க" என்றார் சேர்மன் ஐயா. "ஆனா அவரு பேர மட்டும் எழுதாதீங்க. கல்யாணம் நடத்த இவருக்கு லைசென்சு குடுக்கலாம்னு எழுதினவன் நானு. என் பேரச் சேருங்க. எங்க திருச்சபை பேரயும் சேருங்க. விலாசம் சொல்றேன், எழுதிக்கறீங்களா?"

"எடம் இருந்தா எங்க பேரும்" என்றது கடைசி பெஞ்சு.

ஞானமுத்து பேனாவைத் திறக்கவில்லை. சுகிர்தம் ஓரடி முன்னால் வந்து தேவராஜைக் கைகாட்டினாள்.

"மாமா, மூணு ஓலை படிக்கறப்பவும் நீங்க திண்டிவனத்துலேர்ந்து வந்து முன் பெஞ்சில குந்திக்கினு இருந்தீங்கன்னு இவரே எங்கிட்ட சொன்னாரு. தடை இருந்தா சொல்லுங்கன்னு ஐயரு மூணு வாட்டி கேட்டாரு. அப்ப வாயில இன்னா வெச்சிருந்தீங்க?"

யாரோ சிரித்துவிட்டார்கள். தேவராஜ் பேனாவைக் கீழே வைத்தான். மாமன் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய், மாமனார் தலையிலிருந்த தகரப் பெட்டியை இறக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டான். ஞானமுத்துவின் மனு மடித்தபடியே திண்டிவனம் திரும்பியது, எங்கும் கொடுக்கப்படவில்லை.

கூட்டம் கலைந்தபின் சேர்மன் ஐயா என் அறைக்கு வந்தார். இம்முறை உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். 7-10க்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

"இன்னும் மூணு மாசம் உங்க கையால கல்யாணம் கிடையாது. தொண்டூர் ஐயரு வந்து நடத்துவாரு. எழுத்துல வரும்."

"சரி ஐயா" என்றேன். தண்டனை என்று தோன்றவில்லை. தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் இருந்தது. இருந்தாலும் மனதில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். "ரெண்டு கோடுதான் ஐயா. ஆறு ஐம்பதுன்னு மாத்தற அளவுக்குப் போயிட்டேன். பேனாவக்கூட எடுத்துட்டேன்."

அவர் குனிந்து வேட்டியின் சேற்றுத் தண்ணீரைப் பிழிந்துகொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"தனியாளா இருந்திருந்தா மாத்தியிருப்பீங்க ஐயரே. நானா இருந்தாலும் மாத்தியிருப்பேன்."